ரவாங்கில் புதிய உணவகம்: அடுப்பு எரியுமுன் ஓடும் வாடகை

தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைப் போட்டு ரவாங்கில் உணவகம் திறக்க நினைக்கும் நம்மவர்கள், முதல் வேலையாகக் கடைவீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அன்று முதல் வாடகை ஓடுகிறது. செலாயாங் நகராண்மைக் கழகத்தின் உரிமமோ வரைபடம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் சரியான பிறகே கைக்கு வரும்.

பெயர்ப்பலகை, நாற்காலியெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் முடிவாக வேண்டியது சமையலறைக் கால்வாய். எண்ணெய், கொழுப்பைத் தடுக்கும் தொட்டி எங்கே அமரும், புகைக்குழாய் எந்தப் பக்கம் ஏறும் என்று தெரியாமல் தரை ஓடு பதித்தால், பிறகு உடைக்க வேண்டியதுதான். குத்தகையாளர் பதித்ததற்கும் கேட்பார், உடைத்ததற்கும் கேட்பார்.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. 2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகளுக்கு விநியோகம் நின்றது. பெரிய சேமிப்புத் தொட்டி இல்லாத உணவகம் அப்படிப்பட்ட நாளில் கதவைச் சாத்த வேண்டும்.

ஆள் செலவும் ஏறிவிட்டது. 2025 ஆகஸ்ட் முதல் சிறு கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும். வியாபாரமே இல்லாத மூன்று மாத வாடகையைத் தனியே ஒதுக்கிவிட்டு, மீதியில் கடையின் அளவை முடிவு செய்யலாம். நான்கு மேசை குறைந்தாலும் பரவாயில்லை.