ஹேஷ்டேக் வீரர்களும் ஆறு மணி ஜீப்பும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம். இன்றைக்கும் வந்திருக்க மாட்டேன், காலங்காத்தால ஊர் வாட்ஸப் குரூப்பில் அந்த வீடியோ வந்து தொலைக்காமல் இருந்திருந்தால். முல்லைப் பெரியாறு அணை உடைந்து இடுக்கியே முங்குகிற மாதிரி கம்ப்யூட்டரில் செய்த வீடியோ. தயாரிப்பு ஏதோ ஒரு மலையாளப் புண்ணியவான். அதைத் தூக்கிவந்து எங்க குரூப்பில் போட்டது எங்க ஊர்க்காரர், "இவனுங்களுக்கு இனி ஒரு பருக்கை அரிசி போகக்கூடாது" என்ற பொன்மொழியோடு. பத்து நிமிஷத்தில் நாற்பது கட்டைவிரல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுநிலைவியாதி என்று யாரும் கிளம்பக் கூடாது. மார்க்கையன்கோட்டை சின்னமனூர் பக்கம். ஊரைச் சுற்றி நெல்வயல். 1895-ல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணையின் தண்ணிதான் எங்க சோறு. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகமும் அதை நம்பித்தான். நீதிபதி ஆனந்த் குழு 2012-ல் அணை பலமாக இருக்கிறது என்றது. 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் 142 அடி தேக்கலாம் என்றது. எனக்கு அதில் ரெண்டாவது கருத்து கிடையாது.

என் வயித்தெரிச்சல் ஜீப்பைப் பற்றியது.

விடிகாலையில் எங்க பக்கம் வந்து பாருங்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, பொம்பளைங்க ரோட்டோரம் நிற்பார்கள். ஜீப் வரும். எத்தனை பேர் ஏற முடியுமோ அதைவிட நாலு பேர் கூட ஏறுவார்கள். கம்பம்மெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டு இருட்டுகிற நேரம் திரும்புவார்கள். முதலாளி அங்கே, கூலி இங்கே. எங்க சித்தி இருபது வருஷமாக அப்படித்தான் போகிறார்.

2011 டிசம்பரில் நான் ஒன்பதாவது படித்தேன். குமுளியில் பிரச்சினை வெடித்ததும் மலைப்பாதை எல்லாம் அடைத்தாச்சு. தோட்டத்தில் மாட்டிக்கொண்ட நம்மாட்கள் காட்டுவழியே நடந்து இறங்கினார்கள். சித்தி வீட்டுக்கு வந்தது மறுநாள்தான், கால் முழுக்க அட்டைக்கடி. இங்கே கீழே மட்டும் என்ன வாழ்ந்தது? பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகளை அடித்தார்கள். இருபது வருஷம் டீ ஆற்றிக் கொடுத்த மனுசன் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினார். வாரக்கணக்கில் லாரி போகாததில் வீணாய்ப்போனது நம்ம வாழைத்தாரும் நம்ம காய்கறியும். அரிசியை நிறுத்து என்று இன்றைக்குக் கட்டைவிரல் காட்டுகிற அண்ணன்களுக்கு அது மறந்துபோச்சா?

அடுத்து 2021 அக்டோபர். கேரளாவில் வெள்ளம், நிலச்சரிவு. உடனே அணையை இடி என்று ஹேஷ்டேக். நடிகர் பிருத்விராஜ் பதிவு போட்டார், தேனியில் அவர் உருவபொம்மை எரிந்தது. 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு மறுபடியும். 2025-ல் 'எம்புரான்' படத்தை வைத்து மறுபடியும். 2021-ல் நானும் யோக்கியமில்லை. ராத்திரி ரெண்டு மணி வரை ட்விட்டரில் வாள் சுழற்றினேன். மறுநாள் பெருமையாக சித்தியிடம் சொன்னால், "நீ சண்டை போட்டுட்டுத் தூங்கிருவ சாமி. நான் காலையில அந்த மேஸ்திரி மூஞ்சியில முழிக்கணும்ல?" என்றார். வாள் உறைக்குள் போனது.

இப்போது நம்ம தோழர்களுக்கு வருகிறேன். என் டீமில் ஒரு சேட்டன். அவனும் இடது, நானும் இடது. பாலஸ்தீனத்துக்கு ஒரே நாளில் டிபி மாற்றினோம், விவசாயிகள் போராட்டத்துக்கு ஒரே போஸ்டரைப் பகிர்ந்தோம். அணை என்று வந்தால் அவன் மலையாளி, நான் தமிழன். கட்சியே அப்படித்தானே. கேரளக் கமிட்டி புது அணை என்கும், தமிழ்நாட்டுக் கமிட்டி தமிழ்நாட்டின் உரிமை என்கும். உலகத் தொழிலாளர்களே என்று ஆரம்பிக்கிற வாக்கியம் குமுளி செக்போஸ்ட்டில் நின்றுவிடுகிறது.

அணைக்குக் கீழே இருக்கிறவனின் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. பயம் நிஜம்தான். அதை வியூஸாக மாற்றி விற்கிறவனைத்தான் சொல்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் தமிழர்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம், லயத்தில் இறந்தவருக்கு 5 லட்சம். செய்தது இடது அரசு. அன்றைக்கு என் சேட்டன் எங்கே? அதைவிடுங்கள், அணைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற நம்ம தமிழ் வீரர்கள் எங்கே? லயம் என்றால் என்னவென்றே பாதிப்பேருக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒருத்தர் இருந்தார். 2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமை என்று தோட்டத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். எல்லாச் சங்கத்தையும், நம்ம செங்கொடி சங்கத்தையும் சேர்த்தேதான், ஓரமாகப் போங்கள் என்றார்கள். கருணைத்தொகையோடு சேர்த்து 20 சதவீதம் போனஸ் வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய வி.எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்தார், ஒப்பந்தம் முடிகிறவரை. புது அணை கேட்டு முன்னால் நின்றவரும் அதே வி.எஸ்.தான். அணை விஷயத்தில் அவரோடு கடைசிவரை எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் ரோட்டில் வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அதற்கு என் டைம்லைனில் இருக்கும் இருநூறு புரட்சியாளர்களில் ஒருத்தரையும் ஈடு சொல்ல மாட்டேன், என்னையும் சேர்த்து.

இன்றைக்கு அந்த வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு வரி போட்டேன்: "நம்ம ஊர்லேர்ந்து நாளைக்கு எத்தனை ஜீப் மேல போகுது?"

கட்டைவிரல் காட்டிய நாற்பது பேரும் கப்சிப். குரூப்பில் அடுத்து வந்தது யாருடையோ காதுகுத்துப் பத்திரிகை.

சாயங்காலம் ஜீப் ஓட்டுகிற அண்ணன் மட்டும் தனியாக மெசேஜ் அனுப்பினார்.

"மூணுப்பா. எதுக்குக் கேக்குற, மேல ஏதும் பிரச்சினையா?"