செலவுக் கணக்கில் ஒரு பாட்டன்

சுவாமிமலை கடைத்தெருவில் நின்று "சாமிநாதா!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று பேர் திரும்புவார்கள். சைக்கிளில் போகிற நாலாவது ஆள் பிரேக் போடுவார். இந்த ஊரில் முன்னோரைத் தேடுவது என்ன பாடு என்று இப்போது புரிந்திருக்கும். போதாததற்கு தாத்தா பெயர் பேரனுக்கு! எங்கள் வீட்டில் சாமிநாதன், வைத்திலிங்கம், மறுபடி சாமிநாதன் என்று பகலும் ராத்திரியும் மாதிரி மாறி மாறி வரும்.

"நம்ம பாட்டன் சரபோஜி மகாராஜா அரண்மனையில கணக்கு எழுதினவருடா!" கல்யாணமோ காதுகுத்தோ, இதைச் சொல்லாமல் அப்பா பந்தியில் உட்கார மாட்டார். நான் பி.காம். ரத்தத்திலேயே டெபிட், கிரெடிட் ஓடுகிறது போலிருக்கிறது என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.

அரண்மனை வளாகத்துக்குள்ளேயே சரஸ்வதி மகால் நூலகம். இரண்டாம் சரபோஜி (1798-1832) ஆசை ஆசையாக வளர்த்தது. 'சா' வரிசையில் சாமிநாதனைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம்.

சுவடிகளில் இருப்பதோ வைத்தியம், ஜோதிடம், சங்கீதம், இலக்கியம். நம்மைப் போன்ற ஆசாமி அதிலெல்லாம் வரமாட்டான். வந்தால் கணக்கில்தான் வருவான். மராட்டிய அரண்மனையின் வரவு, செலவு, சம்பளம் எல்லாம் மோடி ஆவணங்களில் இருக்கின்றன. (டெல்லிக்கு இதில் சம்பந்தமில்லை. மராத்தியைக் கடகடவென்று சேர்த்து எழுதும் எழுத்துக்கு அந்தப் பெயர்.) இதற்கு டாக்டர் எழுதுகிற மருந்துச் சீட்டு எவ்வளவோ தேவலை! நல்லவேளையாக, தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989-ல் புத்தகமாகப் போட்டிருக்கிறது. புரட்டினேன். யாருக்கு எதற்காக எவ்வளவு கொடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் பட்டுவாடா. சரபோஜி தன் வம்ச சரித்திரத்தை 1803-ல் பெரிய கோயில் சுவரிலேயே வெட்டி வைத்துவிட்டார். எங்கள் பாட்டன் சுவருக்கு எங்கே போவார்? அரண்மனை காசு கொடுத்தால்தான் அவர் பெயர் ஏட்டில் ஏறும்.

பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "யாரைத் தேடுறீங்க, தம்பி?"

"எங்க பாட்டனை, சார்."

"பேரு?"

"சாமிநாதன்... இல்லே, வைத்திலிங்கம்."

"அவருக்கு அப்பா பேரு? எந்த ஊரு? எந்த வருஷம்? அரண்மனையில எந்த இலாகா?"

வேலைக்கான இன்டர்வியூவில்கூட நான் அப்படி முழித்ததில்லை.

"முதல்ல வீட்டுல கேட்டு எழுதிட்டு வாங்க. டிரங்குப் பெட்டியில பழைய பத்திரம் இருந்தா எடுத்துப் பாருங்க. இன்னார் மகன் இன்னார்னு அதுல இருக்கும். அப்புறம் இங்கே தேடலாம்."

ராத்திரி நோட்டும் பேனாவுமாக அப்பா எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பாட்டன் பேரு என்னப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கையில் இருந்த விசிறி நின்றுவிட்டது. "எங்க அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான்தான் பேரைக் கேட்டு வச்சுக்கலே" என்றார். பந்தியில் கேட்கிற குரல் இல்லை அது. அப்புறம், "அய்யம்பேட்டை அத்தைக்குத் தெரியும்டா. அதுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்."

அத்தைக்கு வயது 89. போன மாதம் என்னைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்று கேட்டவர்.

நாளைக்கும் லீவு சொல்லிவிட்டேன். அப்பாவும் கூட வருகிறாராம். இப்போதே சட்டையை எடுத்து மாட்டி வைத்துவிட்டார்.