கரன்ட் போனால் கதை நேரம்!

2018 நவம்பர் 16 அதிகாலை. வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது கஜா புயல். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய, டெல்டா கிராமங்கள் பலவும் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. போனில் மிச்சமிருந்த சார்ஜை உறவுகளிடம் பேசவே பொத்திப் பொத்தி வைக்க வேண்டிய நிலை.

அந்த வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரையில்தான் கல்கியின் பூங்குழலி படகு ஓட்டுகிறாள். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தின் பெயரே 'சுழற்காற்று'!

அடுத்த முறை புயல் எச்சரிக்கை வந்தால், டார்ச், தண்ணீர், மருந்தோடு ஒரு கதைப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். ஒருவர் உரக்கப் படிக்க, வீடே உட்கார்ந்து கேட்கலாம். வெளியே காற்று ஊளையிடும்போது, பயந்த பிள்ளைக்குப் பாட்டியின் குரல்தான் தைரியம். போன் சார்ஜ், ஆபத்துக்கு மிஞ்சும்.