எழுப்புதல் பந்தியில் தெரியும்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களில் பழைய ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் போனோம் என்பார்கள். சுற்றுவட்டாரச் சாக்கடை எல்லாம் வந்து சேர்ந்த இடம் இது. சீரமைத்து, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கரையில் பூச்செடி வைத்ததால் மட்டும் ஏரி பிழைத்துவிடவில்லை. கழிவுநீர் உள்ளே வரும் வழியைக் கவனித்ததால் பிழைத்தது.

அங்கிருந்து பூந்தமல்லி – ஆவடி சாலைக்கு வந்தால் வேறொரு புதுப்பித்தலுக்கான சுவரொட்டிகள் கண்ணில் படும். எழுப்புதல் பெருவிழா, மூன்று நாள் உபவாசக் கூடுகை, முழு இரவு ஜெபம். கோட்டு சூட்டு போட்ட போதகர், பக்கத்தில் அவர் மனைவி, மேலே ஒரு புறா. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி என்று இந்த வட்டாரத்தில் சபைகளுக்குக் குறைவில்லை. அங்கே போகிறவர்களில் பெரும்பகுதி நம் மக்கள்.

நாம் இதைக் கேலி செய்ய வரவில்லை. வாரம் ஆறு நாள் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்து, கட்டட வேலையில் செங்கல் சுமந்து, கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக நின்றுவிட்டு வரும் நம் தாய்மார்களுக்கு, பெயர் சொல்லி அழைத்து, தலைமேல் கைவைத்து ஜெபிக்க ஒரு ஆள் இருக்கிற இடம் அது. அழுவதற்கு ஓர் இடம் வேண்டும்தானே. குடியை விட்ட ஆண்கள் உண்டு, படிப்பைத் தொடர்ந்த பிள்ளைகள் உண்டு. பகுத்தறிவு பேசும் நம் தோழர்கள் சிலர் இதைப் பார்க்க மறுப்பது அவர்களுடைய குறை.

நமது கேள்வி வேறு. ஞாயிறு இரவு வந்த எழுப்புதல் திங்கட்கிழமை காலையில் எங்கே போகிறது?

இதற்குப் பதில் தேட நம் வட்டாரத்தின் சபை வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். சென்னைக்கு வந்த புராட்டஸ்டண்ட் மரபுகளில் ஒன்று பிரஸ்பிட்டேரியன் மரபு. பிரஸ்பிட்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். பேராயர் ஒருவர் மேலிருந்து ஆள்வதில்லை. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் போதகரோடு உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். இதுதான் அந்த மரபின் அடிப்படை. ஸ்காட்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தது. எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயம் அவர்களுடையது. கம்பெனியாருக்காகக் கட்டிய கோயில், சேரிக்காரருக்காகக் கட்டியதல்ல.

ஆனால் அதே மரபிலிருந்து வேறு விதமான ஆட்களும் வந்தார்கள். 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். சேரிச் சிறுவர்கள் சிலரை அவர் சேர்த்துக்கொண்டது தெரிந்ததும் சாதி இந்துக் குடும்பங்கள் கொதித்தன. அவர்களை வெளியே அனுப்பு, இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள். நிறுத்தவும் செய்தார்கள். வகுப்புகள் காலியாயின. ஆண்டர்சன் அசையவில்லை. எத்தனையோ பள்ளிகளில் நம் பிள்ளைகள் சமைத்த சோற்றையும் தொட்ட தண்ணீர்ப் பானையையும் வைத்து இன்றும் பிரச்சினை வருகிறது. அப்படிப்பட்ட நாட்டில், ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு தலைமையாசிரியர் காட்டிய பிடிவாதம் இது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நிலம். பருத்திப்பட்டு இருக்கும் இந்தப் பகுதி அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. 1891-இல் அந்த ஜில்லாவின் ஆட்சியர் டிரெமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், மிராசுதார் நினைத்தால் துரத்திவிடலாம் என்ற நிலையில் நம் முன்னோர்கள் இருந்ததை அவர் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்த அறிக்கைக்குப் பின்னாலும் முன்னாலும் இருந்தவர்களில் இரண்டு போதகர்களைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரு. ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்தவர், அதாவது பிரஸ்பிட்டேரியன். இன்னொருவர் திருவள்ளூர் ஈக்காட்டில் இருந்த வில்லியம் கௌடி. அவர் வெஸ்லியன் மெதடிஸ்ட். சேரி மக்களுக்கு நிலமும் மனையும் கேட்டு அதிகாரிகளிடம் அலைந்தவர்கள் இவர்கள். ஆண்ட்ருவின் முயற்சியில் நம் மக்களுக்கென்று தனிக் குடியிருப்புகளே உருவாயின. செங்கல்பட்டுப் பக்கம் உள்ள மெல்ரோசாபுரம் என்ற பெயரைக் கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் நம் சேரி மக்கள் நிலம் பெற்ற கதையோடு ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக்காரப் போதகர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் கதவைத் தட்டியது நம் ஆட்கள்தான். மிராசுதாரிடம் அடி வாங்கி, கூலி மறுக்கப்பட்டு, இரவில் நடந்துபோய் மிஷன் பங்களா வாசலில் நின்றவர்கள் நம் தாத்தா பாட்டிகள். எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கொடு, இந்த மனைக்கு ஒரு பட்டா வாங்கிக் கொடு என்று கேட்டவர்கள் அவர்கள். ஆத்துமாவுக்கு மட்டும் ரட்சிப்பு கேட்டு அவர்கள் போகவில்லை. வயிற்றையும் வீட்டையும் நிலத்தையும் சேர்த்தே கேட்டார்கள். நம் வட்டாரத்தின் முதல் எழுப்புதல் அதுதான் என்பது நமது துணிபு. அப்படிக் கிடைத்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994-இல் காரணையில் போராட்டம் நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். பெயர்களைக் கவனியுங்கள். கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று குண்டு பிரித்துப் பார்க்கவில்லை.

1908-இல் பிரஸ்பிட்டேரியன் சபைகள் மற்ற சில சபைகளோடு இணைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பேராயரும் வந்தார், மூப்பர் முறையின் சாயலும் குழுக்களாக மிஞ்சியது. பழைய பெயரைத் தாங்கிய சிறு சபைகள் புறநகரில் இன்றும் உண்டு. பெயர் எதுவானாலும், சபையார் ஓட்டுப்போட்டு மூப்பரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நமக்கு முக்கியம். ஊர்ப் பஞ்சாயத்தில் கைகட்டித் தூரத்தில் நின்ற ஒரு சமூகத்துக்கு, முதன்முதலில் நாற்காலி போட்டுப் பேச வைத்த இடம் பல ஊர்களில் சபைக் கூட்டம்தான். கணக்கு எழுதவும், தீர்மானம் முன்மொழியவும், வழிமொழியவும் அங்கே கற்றுக்கொண்டவர்கள் பிறகு சங்கம் வைத்தார்கள், கட்சி நடத்தினார்கள்.

இன்று அந்த நாற்காலியின் கதி என்ன? பெரிய சபைகளில் தேர்தல் என்றால் பணம், பிரியாணி, வழக்கு. சிறிய சுயாதீனச் சபைகளில் தேர்தலே கிடையாது. போதகர், அவருக்குப் பின் அவர் மகன். காணிக்கைக் கணக்கு கேட்டால் தேவ ஊழியரைக் கேள்வி கேட்காதே என்கிறார்கள். மிட்டா மிராசை எதிர்த்து வந்த மக்கள், ஒலிபெருக்கி வைத்த மிராசிடம் மாட்டிக்கொண்டார்களோ என்ற சந்தேகம் நமக்கு வருகிறது. பெண்கள் நிலை இன்னும் மோசம். பந்தல் போடுவது முதல் கூட்டிப் பெருக்குவது வரை அவர்கள். மூப்பர் பெஞ்சில் எண்ணிப் பார்த்தால் ஒருவரோ இருவரோ.

சாதி சபைக்கு வெளியேதான் இருக்கிறது என்றும் நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். 1850-இலேயே சென்னை மிஷனரி மாநாடு, சாதியைக் கைவிடாதவர் சபையில் சேர முடியாது என்று தீர்மானம் போட்டது. அதற்கு வைத்த சோதனை எளிது: பறையர் சமைத்த சோற்றை மனமுவந்து சாப்பிட வேண்டும். தத்துவ விசாரணை எதுவும் இல்லை. சோற்றில் கை வைக்கிறாயா, இல்லையா? அந்தச் சோதனையில் தேறாமல் தனிக் கல்லறைத் தோட்டம், தனிச் சப்பரம், தனிப் பெஞ்சு என்று வாழ்ந்தவர்கள் ஏராளம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரும் 2008-இல் எறையூரில் நடந்ததும் அதன் தொடர்ச்சி. நமக்குள்ளேயே பறையர், அருந்ததியர் என்று பெண் கொடுக்கும்போது பின்வாங்குகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

இந்தச் சோற்றுப் பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பாடியவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால் பலருக்குத் தெரியும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 2005-இல் மறைந்தார். ‘ஒரு உலை’ என்பது அவருடைய சிந்தனையின் மையம். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதே திருவிருந்து என்று சொன்னார். சாவு மேளம் என்று நாமே கூச்சப்பட்டு ஒதுக்கிய பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடினால்தான் பக்தி என்று நினைத்திருந்த சபைகளில் அது சிறிய காரியமில்லை. இன்று நம் எழுப்புதல் மேடைகளில் கீபோர்டும் டிரம்ஸும் அதிர்கின்றன. பறையை மட்டும் காணோம். பழைய கூச்சம் புதுக் கருவிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

மாணவர்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற தொழிலாளி, பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிறித்தவன் என்பதால் தனக்கு மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தோற்றார். அதே தெரு, அதே தொழில், அதே தோல் நாற்றம். ஞானஸ்நானம் மட்டும் வேறு. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்து, அதன் காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டு வந்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், குழந்தையாக இருக்கும்போது அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தின் பதிவையே உச்ச நீதிமன்றம் ஆதாரமாக எடுத்துக்கொண்டு பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது.

இதன் விளைவு நம் தெருவில் தெரிகிறது. சபைக்குப் போவார்கள், பதிவேட்டில் பெயர் எழுத மாட்டார்கள். பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடும்போது சுவரில் இருக்கும் வசன காலண்டரைக் கழற்றி வைக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். கிறித்தவ ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள் என்பதும், மாநில அரசின் நிதியில் தரும் கல்வி உதவித்தொகை அவர்களுக்கும் உண்டு என்பதும் பல மாணவர்களுக்குத் தெரியாது. மூன்று மணி நேரம் பிரசங்கம் கேட்கும் சபையில், இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கினால் ஆவியானவர் கோபித்துக்கொள்வாரா? ‘கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை’ என்று மேடையில் சொல்வது எளிது. தாசில்தார் அலுவலக வரிசையில் அது செல்லாது.

எழுப்புதல் என்ற சொல் மிசோரம் மக்களுக்கும் பழக்கமானது. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைதான் பெரிய சபை. 1906-இலிருந்து அங்கே எழுப்புதல்கள் அலை அலையாக வந்தன. ஆடினார்கள், பாடினார்கள், அழுதார்கள். அதோடு 1910-இல் இன்னொரு வழக்கமும் பிடித்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கிறார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குச் செலவிடுகிறது. நூறு ஆண்டு தாண்டியும் தொடர்கிறது. இன்று அது கோடிக்கணக்கில் வரும் வருமானம். நம் சபைகளிலும் பிடி அரிசி எடுத்த பாட்டிகள் உண்டு. அந்தப் பானை எங்கே போனது? ஒரு பிடி அரிசியில் ஒரு கல்லூரி மாணவியின் தேர்வுக் கட்டணம் அடங்கும். நம் சபைகளுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பவர்கள்தான் நாம்.

நவம்பர் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைத் தலித் விடுதலை ஞாயிறாக இந்தியத் திருச்சபைகள் அனுசரிக்கின்றன. பல சபைகளில் அன்று ஒரு சுற்றறிக்கை வாசிப்பதோடு முடிந்துவிடும். இந்த முறை பருத்திப்பட்டு, ஆவடிச் சுற்றுவட்டாரத்து வாலிபர் கூடுகைகள் முன்கூட்டியே போதகரிடம் பேசலாம். ஆராதனைக்குப் பின் ஒரே உலையில் சமைப்போம், அருந்ததியர் தெருவிலிருந்தும் ஆட்களைச் சமையலுக்குக் கூப்பிடுவோம், பறையடிக்கத் தெரிந்த அண்ணன்களை உள்ளே வரச் சொல்வோம் என்று கேட்கலாம். சான்றிதழ், உதவித்தொகை விவரம் சொல்ல வழக்கறிஞர் ஒருவரையும் அழைக்கலாம். போதகர் மறுத்தால் காரணம் கேளுங்கள். ஒத்துக்கொண்டால், அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக நாமும் வருகிறோம்.