கைப்பையில் இருந்த கருவி



கைப்பைக்குள் அடங்கும் சிறு கருவி அது. முனையிலுள்ள இரு உலோகக் கொம்புகளை ஒருவர் உடல்மீது அழுத்தி விசையைத் தட்டினால் மின்னதிர்ச்சி பாயும். கடும் வலி உண்டாகும். 'ஸ்டன் கன்' என்பார்கள். துப்பாக்கி என்பது பெயரில்தான், குண்டு கிடையாது. இதனை ஒரு பெண் தற்காப்புக்காக வைத்திருக்கலாமா என்ற வினா அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்ற கதையைக் கேளுங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தாய். தம் பிள்ளைகளின் தந்தையாகிய முன்னாள் துணைவனின் கொடுமை தாளாது, அவன் நெருங்கலாகாது என நீதிமன்றத்தில் பலமுறை தடையாணை பெற்றார். தாள்கள் சேர்ந்தனவே தவிர அச்சம் தீரவில்லை. நண்பர் ஒருவர் இக்கருவியைக் கொடுத்தார். ஓரிரவு பணி முடிந்து வெளியே வந்தபோது அவன் காத்து நின்று கூச்சலிட்டான். அவரைவிட ஏறத்தாழ ஓரடி உயரமும் நூறு பவுண்டு எடையும் மிகுந்தவன். அம்மையார் கருவியை எடுத்துக் காட்டினார், அவ்வளவே. அவன் அகன்றான். எவர்மீதும் மின்சாரம் பாயவில்லை.

ஆயினும் 2011-இல் காவலர்கள் அவரது கைப்பையில் அதனைக் கண்டபோது வழக்குத் தொடுக்கப்பட்டது. பொதுமக்கள் அதனை வைத்திருப்பதே அம்மாநிலத்தில் அன்று குற்றம். உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். உயிரைப் போக்கக்கூடிய அதற்கு வழியுண்டு, வலியோடு விடும் இதற்கில்லை! 2015-இல் மாநிலத்தின் தலைமை நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. ஆயுத உரிமை அரசியல் சட்டத்தில் ஏறிய 1791-இல் இக்கருவி வழக்கில் இல்லையாம். அந்நாளில் மின்விளக்கும்தான் இல்லை!

2016 மார்ச் 21-இல் உச்சநீதிமன்றம் இவ்வாதங்களை ஏற்க மறுத்து அத்தீர்ப்பை நீக்கியது. பின்னாளில் தோன்றிய ஆயுதங்களுக்கும் அவ்வுரிமை பொருந்தும் என்று தான் 2008-லேயே கூறியதை நினைவூட்டியது. 2018-இல் மற்றொரு வழக்கில் மாநில நீதிமன்றமே அம்முழுத் தடையைச் செல்லாதென்றது. இப்பொழுது அங்கு உரிமம் வேண்டும். ஹவாய் மாநிலத்தின் தடையும் 2022-இல் விலகிற்று.

பிரிட்டனிலோ நிலைமை வேறு. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம், தீங்கு தரும் திரவம், வாயு 'அல்லது பிற பொருளை' வெளியேற்றும் ஆயுதங்களைத் தடை செய்கிறது. மின்சாரம் ஒரு பொருளா? ஆம் என்று 1988-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். அமெரிக்காவில் முறையாக வாங்கியதே எனினும், அக்கருவியோடு இலண்டனில் இறங்குபவர் தடைசெய்யப்பட்ட ஆயுதத்தோடு இறங்குபவராகவே கருதப்படுவார்.