ஒட்டுவது குற்றமன்று, மறைப்பதே குற்றம்

1857இல் ஓ. ஜி. ரெய்லாண்டர், 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படத்தை உருவாக்கினார். அதன் பிரதியை விக்டோரியா மகாராணியே விலைகொடுத்து வாங்கினார். 2024 மார்ச்சில் அதே அரச குடும்பம், இளவரசி கேத்தரின் தம் பிள்ளைகளுடன் இருக்கும் படத்தை வெளியிட்டது. சிறுமி சார்லட்டின் சட்டைக் கை பொருந்தாதிருந்தது. ஏபி, ராய்ட்டர்ஸ் உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன. தாமே திருத்தியதாகக் கூறி இளவரசி மறுநாள் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டிலும் கைவேலை உண்டு. ஆனால், ரெய்லாண்டர் தம் முறையை மறைக்கவில்லை. அவர் படைத்தது கலை. பின்னதோ, அறுவை சிகிச்சைக்குப் பின் இளவரசி நலமாயிருப்பதற்குச் சான்றாகப் பார்க்கப்பட்டது. ஃபோட்டோஷாப்பைப் பழிப்பதில் பயனில்லை. ‘இது திருத்தப்பட்ட படம்’ என்னும் ஒரு வரியே போதும் என்பேன். அந்த ஒரு வரியை மறைத்தால், நாளை உண்மைப் படத்தையும் எவரும் நம்பமாட்டார்கள்.