நிவாரணம் வந்தது, கணக்கு எங்கே?

பேரிடர்களுக்கு டிசம்பர் மாதம் ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு ஊருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். கொரட்டூரில் வீட்டுக்குள் தண்ணீர், ஆவடியில் தெருவெல்லாம் குளம், அம்பத்தூர் எஸ்டேட்டில் கடன் வாங்கிப் போட்ட மெஷின்கள் சேற்றில்.

தண்ணீர் வடிவதற்குள் வேன் வந்துவிடும். முன்னால் ஒரு பேனர், உள்ளே அரிசி, போர்வை, பாய், பிளாஸ்டிக் பக்கெட். அந்த பேனர்களில் பல ஏதாவது ஒரு திருச்சபையின் பெயரையோ, திருச்சபை சார்ந்த தொண்டு நிறுவனத்தின் பெயரையோ தாங்கியிருக்கும். பெரிய அழிவு என்றால் அதற்குப் பின்னால் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டில் விழுந்த காசும் இருக்கும். முகம் தெரியாத ஒருவர் முகம் தெரியாத இன்னொருவருக்காகப் போட்ட காசு.

இந்தக் காசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே இரண்டு கோஷ்டிகள் கிளம்பிவிடும்.

முதல் கோஷ்டி: "அரிசி மூட்டைக்குள் மதமாற்றம் இருக்கு!"

இரண்டாவது கோஷ்டி: "சேவை செய்றவங்களைக் கேள்வி கேட்காதே!"

இரண்டு பேருமே ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. வந்தது எவ்வளவு, போனது எங்கே?

முதல் கோஷ்டிக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். இந்தியத் திருச்சபைகளின் நிவாரண அமைப்பான காசா 1947-ல், பிரிவினை அகதிகளுக்கு உதவுவதற்காகத் தொடங்கப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் கேரித்தாஸ் இந்தியா 1962-லிருந்து இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு தமிழக அரசே தொண்டு நிறுவனங்களைக் கூப்பிட்டு, நிலத்தை நாங்கள் தருகிறோம், வீட்டை நீங்கள் கட்டுங்கள் என்று ஒப்பந்தம் போட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போன நேரம் அது. அங்கே எழும்பிய நிரந்தர வீடுகளில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். திருச்சபை அமைப்புகளும் கட்டின, மற்றவர்களும் கட்டினார்கள். அந்தக் கடற்கரை மீனவர்களில் பெரும்பாலோர் அன்றும் இந்துக்கள், இன்றும் இந்துக்கள். வீட்டைக் கொடுத்து மதத்தை வாங்கியிருந்தால் இந்த வியாபாரம் படுநஷ்டம் என்று பி.காம் முதல் வருட மாணவனே சொல்லிவிடுவான்.

எங்காவது அரிசியோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுத்தவர் இருந்தால்? தாராளமாகக் கேள்வி கேட்கலாம். உதவியை மதப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1994-ல் செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து நடத்தை நெறிமுறை எழுதியவர்களில் கேரித்தாஸும், லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. அவர்களே போட்ட விதி.

இனி இரண்டாவது கோஷ்டி. அதே நெறிமுறையின் ஒன்பதாவது அம்சத்தை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். காசு கொடுத்தவருக்கு மட்டுமல்ல, உதவி பெறுபவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அது சொல்கிறது. இரண்டு பேருக்கும். நடைமுறையில் நடப்பது என்ன? கொடுத்தவருக்கு வழவழ காகிதத்தில், கலர் போட்டோவோடு ஆண்டறிக்கை போகிறது. வாங்கியவருக்கு ஒரு டோக்கன், ஒரு கைநாட்டு, ஒரு போட்டோ. அவர் பெயரைச் சொல்லி எவ்வளவு வந்தது என்று அவருக்கு மட்டும் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. சுனாமி நிவாரணத்துக்காக அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் நிவாரண அமைப்பு தென்னிந்தியத் திருச்சபைக்கு அனுப்பிய பணத்தில் கோடிக்கணக்கில் முறைகேடு என்று புகார் எழுந்து, போலீஸ் வழக்கு வரை போனது. யார் குற்றவாளி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் இப்படி ஒரு சந்தேகம் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்க முடிந்ததே, அது யார் தவறு? எந்தக் குப்பத்துக்கு எவ்வளவு என்பது அந்தக் குப்பத்துச் சுவரில் எழுதியிருந்தால் முதல் மாதமே ஒரு மீனவப் பெண் "மீதி எங்கே?" என்று கேட்டிருப்பாள்.

"அதனால்தான் அரசு கிடுக்கிப்பிடி போடுகிறது" என்று முதல் கோஷ்டி துள்ளிக் குதிக்க வேண்டாம். அரசு செய்ததையும் பார்த்துவிடலாம்.

2020-ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. எல்லாப் பணமும் முதலில் டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடாது. கடைசி விதிதான் கொடுமை. சந்து பொந்து தெரிந்தது பெரிய அமைப்புக்கு அல்ல, அந்த ஏரியாவில் இருக்கும் சின்ன அமைப்புக்கு. பெரியவர் கையிலிருந்து சின்னவர் கைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, வெள்ளத்தில் கடைசி வீடு வரை உதவி போகவில்லையே என்று யாரைக் கேட்பது?

சரி, கணக்காவது வெளிச்சத்துக்கு வந்ததா? நேர் எதிர். காலாண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டு வரவைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் நீக்கப்பட்டது. உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்த ஆண்டுக் கணக்குகளும் அதே மாதம் எடுக்கப்பட்டன. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் விஷன் இந்தியாவின் அனுமதி ரத்து, காசாவின் அனுமதியும் ரத்து. ஆக, அரசு பணத்தை நிறுத்தியது, கணக்கையும் மறைத்தது. தப்பு நடந்ததா இல்லையா என்று பொதுமக்கள் பார்க்க வழியே இல்லை. கதவைப் பூட்டிவிட்டு உள்ளே திருடன் இருக்கிறான் என்று சொல்வது சுலபம்.

இப்போது மிக்ஜாமுக்கு வாருங்கள். மாநில அரசு பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. அதில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் கொரட்டூர் பாட்டிக்கும் பட்டாபிராம் ஆட்டோக்காரருக்கும் தொகை தெரியும். ஒரு ரூபாய் குறைந்தாலும் ரேஷன் கடை வாசலில் சண்டை நடந்திருக்கும். அந்தச் சண்டைதான் தணிக்கை!

அட்டையை நம்பிய அந்தக் கணக்குக்குள் எளிதில் வராதவர்கள் யார்? எஸ்டேட்டில் ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கும் பீகார், ஒடிசா தொழிலாளிகள். இவர்களுக்குத்தான் தொண்டு அமைப்பு வேண்டும். அதனால்தான் திருச்சபைக் காசு நிற்கக்கூடாது. அதனால்தான் அது ஒளியவும் கூடாது.

என்ன செய்யவேண்டும்? பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

1. நிவாரணம் கொடுத்த தெருவிலேயே தமிழில் ஒரு போர்டு. வந்த தொகை, பொருள், விலை, வாங்கிய குடும்பங்களின் எண்ணிக்கை. பயனாளிகளின் பெயரும் முகமும் வேண்டாம்.

2. மூன்று மாதம் கழித்து அதே தெருவில் ஒரு கூட்டம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கை நடக்குமென்றால் சர்ச் ஹாலில் ஏன் நடக்காது?

3. அரசு அந்த ஆண்டுக் கணக்குகளைத் திரும்பப் பொதுவில் வைக்கவேண்டும். பிரித்துக் கொடுக்கும் வழியை, கணக்கு காட்டும் நிபந்தனையோடு, பேரிடருக்காவது திறக்கவேண்டும்.

உடனே சிலர் வலக்கை, இடக்கை வசனத்தோடு வருவார்கள். தர்மம் ரகசியமாக இருக்கவேண்டுமாம். அது சொந்தப் பையிலிருந்து கொடுப்பவனுக்குச் சொன்னது ஐயா! அடுத்தவன் காசை அடுத்தவனுக்காக வைத்திருப்பவனுக்கு அதே வேதாகமத்தில் வேறு பெயர் இருக்கிறது. உக்கிராணக்காரன். எஜமான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டது ஜெபத்தை அல்ல, கணக்கை.

இங்கே எஜமான் ஜெர்மனியில் இல்லை, டெல்லியிலும் இல்லை. முழங்கால் தண்ணீரில் டோக்கனோடு வரிசையில் நிற்கிறார்.